ஹோஸ் பைப் ஆசாரி பேசுகிறேன்

நேற்று ராத்திரி அந்த இன்டீரியர் குழுவில் நடந்ததை நம் ஆட்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நான் போட்ட சைட் போட்டோவில் வார்ட்ரோப் தெரியவில்லை, மூலையில் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கும் தேக்கு பீடிங் (ஓரத்தை மூடும் மெல்லிய மரப்பட்டி) தெரியவில்லை. ஆணி அடிக்கும் கன்னுக்குக் காற்று கொண்டுபோக, தரையில் கிடந்த நீல ட்யூப் மட்டும் கமென்ட் போட்ட அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. "இன்னுமா ஹோஸ் பைப்பை இழுத்துட்டு இருக்கீங்க, உலகம் கார்ட்லெஸ்ஸுக்குப் போயாச்சு ஆசாரி." இந்த ஒரு வரிக்கு நூற்று நாற்பது சிரிப்பு. அதில் ஒரு சிரிப்பு எனக்கு இன்னும் பில் செட்டில் பண்ணாதவருடையது.

சரி, சிரித்தவர்களுக்கு ஒரு தகவல். அந்த ட்யூபின் மறுமுனையில் இருந்த, காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரும் கார்ட்லெஸ்தான், பேட்டரியில் ஓடுவது. அந்த சைட்டில் இன்னும் ஈபி கனெக்‌ஷனே வரவில்லை. போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் பேட்டரி தெரிந்திருக்கும். பெரிதாக்குவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. வயரை விட்டு பேட்டரிக்கு மாற வேண்டும் என்றால் கம்ப்ரசரை மாற்றுங்கள், கன்னை மாற்றாதீர்கள்.

பேட்டரி கன் நான் பார்க்காததா? இரண்டு மாதம் என் கையில் இருந்தது. உள்ளே இருக்கிற விஷயம் இதுதான்: சில கன்னில் மோட்டார் ஒரு சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டு அந்த வேகத்தில் ஆணியை அடிக்கும். சில கன்னில் மூடிய சிலிண்டருக்குள் அடைத்த கேஸ் இருக்கும், மோட்டார் பிஸ்டனை இழுத்துப் பிடித்துச் சட்டென்று விடுவிக்கும், கேஸ் அதைத் தள்ளி ஆணியை அடிக்கும். எதுவானாலும் மோட்டார், பேட்டரி, போர்டு எல்லாம் உங்கள் மணிக்கட்டில்தான் தொங்கும். பேட்டரியோடு இரண்டரை, மூன்று கிலோ. பின் என்கிற மெல்லிய ஆணி அடிக்கும் நம் எஃப் 30 காற்று கன் ஒன்றரை கிலோகூட வராது. அதற்குள் ஒரு பிஸ்டன், ஆணியைத் தள்ளும் ஒரு பிளேடு, நாலு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). கனமெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கும் கம்ப்ரசரில். மேஜை மேல் வைத்து நாலு பின் அடித்து ரீல்ஸ் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஏணியில் நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கி, சீலிங் ஓரத்துக்கு நாள் முழுக்க பீடிங் அடித்துப் பாருங்கள். எங்கள் டீமில் மூத்தவர் அரை நாளிலேயே அந்தக் கன்னைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இது ஆணி அடிக்கிறதுக்கா, உடம்பு ஏத்துறதுக்கா?" என்று கேட்டார்.

இரண்டாவது மாதம் அது ஜாம் ஆனது. சர்வீஸுக்குக் கொடுத்தேன், பார்ட்ஸ் வரவேண்டும் என்றார்கள். வந்துகொண்டே இருக்கிறது. காற்று கன்னில் ஓ-ரிங் போனால் டீ குடிக்கிற நேரத்தில் நாமே மாற்றிவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அடிக்கலாம். அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், பேட்டரியைக் காற்றுக்குப் போடுங்கள், கன்னுக்கு வேண்டாம்.

இந்த பேட்டரி கம்ப்ரசர் வந்த கதையும் உண்டு. டல்லாஸில் இருக்கும் அக்கா மகன் போன வருஷம் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தான். மில்வாக்கி, 18 வோல்ட், இரண்டு கேலன் டேங்க், அதாவது ஏழரை லிட்டர். பேட்டரி இல்லாமலே பதினான்கு கிலோ. இருபத்து மூன்று கிலோ பெட்டியில் இது போக மீதி இடத்தில்தான் அக்கா கேட்ட சாமான் எல்லாம். அக்கா இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பெரிய 12 ஆம்பியர் ஹவர் பேட்டரியை விமானத்தில் ஏற்ற முடியாது. அது 216 வாட் ஹவர், அனுமதி கேட்டால்கூட 160 வரைதான் விடுவார்கள். 5 ஆம்பியர் ஹவர் 90தான் வரும், அதில் இரண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இதுக்கு வயரே வேண்டாம்" என்றான். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன், 120 வோல்ட். "மாப்பிள்ளை, நம்மூர் 230டா" என்றேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே. இப்போது வீட்டில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ராத்திரி முழுக்க முனகிக்கொண்டு கிடக்கிறது. சிரிப்பதென்றால் இதற்குச் சிரியுங்கள், நானே சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் சைட்டில் அது ராஜா. ஒரு முறை டேங்க் நிரம்பினால் நாற்பது, ஐம்பது பின் போகும், அப்புறம்தான் மோட்டார் எழுந்திருக்கும். ஒரு பேட்டரிக்கு நானூறு பின்னுக்குக் குறையாது. அதே ட்யூபில் எஃப் 30 மாட்டலாம், பெரிய ஆணிக்கு டி 50 மாட்டலாம், குஷன் வேலைக்கு ஸ்டேப்ளர் மாட்டலாம், மரத்தூள் ஊதலாம். பேட்டரி கன் என்றால் இந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெஷின். நல்ல கம்பெனி பேட்டரி கன் ஒன்றின் விலையில் பத்து காற்று கன் வாங்கலாம்.

"அண்ணா, ட்யூப் கால் தட்டுதே?" தட்டும். பார்த்து நடக்க வேண்டும்.

"சத்தம்?" சாதாரணக் கம்ப்ரசர் கத்தும், இல்லை என்று சொல்லவில்லை. இந்த பேட்டரி கம்ப்ரசர் 68 டெசிபல் என்று கம்பெனியே சொல்கிறது. பக்கத்து ஃபிளாட்டில் மத்தியானம் தூங்குகிறவர்கள் எழுந்து வரவில்லை, அது போதும். பெயின்ட் கன் இதில் ஓடாது, அவ்வளவு காற்று வராது. ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு பீடிங் பெயர்ந்துவிட்டது, நாலு பின் அடித்துவிட்டு வாருங்கள் என்றால் பேட்டரி கன் சௌகரியம்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்த மாதிரி வேலை மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

"காசு இல்லாததற்குச் சாக்கு சொல்கிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அப்பா நாலு ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்தவர். ஒன்றை எடுத்து அடித்து முடிப்பதற்குள் நாக்கு அடுத்ததைத் தலை வெளியே தெரியும்படி திருப்பி வைத்திருக்கும். 2009ல் முதல் கம்ப்ரசர் வாங்கினேன். அன்றைக்கு வீட்டுக்காரர் கேட்டது, "மெஷின்லதானே அடிக்கிறீங்க, கூலியைக் குறைக்கலாமே?" இன்றைக்குக் கேட்பது, "பழைய மெஷினா, கூலியைக் குறைக்கலாமே?" நடுவில் ஒரு நாள்கூட பிளைவுட் எந்தக் கிரேடு, பீடிங்குக்கு அடியில் ஃபெவிகால் போட்டாயா என்று யாரும் கேட்டதில்லை. பின் என்பது கோந்து காய்கிற வரைக்கும் பிடித்துக்கொள்ளத்தான் என்று அந்தத் தம்பிக்குத் தெரியுமா? ஆசாரி என்று கூப்பிட்டது தப்பில்லை, அது என் தொழில். கூப்பிட்ட விதம்தான்.

திங்கட்கிழமை கோவை வடவள்ளி சைட். மூன்றாவது மாடி, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கம்ப்ரசரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவேன், நீல ட்யூப்பும் வரும். பார்க்க விருப்பமுள்ளவர்கள் வரலாம், மூத்தவர் உங்களுக்கும் சேர்த்து டீ சொல்லிவிடுவார்.

அப்புறம், சிரிப்பு போட்ட அந்த அண்ணாவுக்கு: பாக்கி பதினெட்டாயிரம். ஜிபேயில் போட்டுவிடுங்கள், அதற்கும் வயர் வேண்டாம்.