யாருடைய சுருதிக்கு யார் இறங்கி வருவது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மதுரை செல்லூரில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஐந்து பேர் ஒத்திகை பார்த்ததை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து கேட்டேன். நாகசுரம், உறுமி, கிதார், பேஸ் கிதார், இவற்றோடு ஊர்ப்புறங்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு 'ஆல்ரவுண்ட்' (டிரம், ஜாலரா, மணி என்று பல தாள வாத்தியங்களை ஒரே ஆள் தட்டுவது) வாசிக்கும் ஒருவர், இவ்வளவுதான் குழு. சினிமாப் பாட்டு எதையும் அவர்கள் வாசிப்பதில்லை. சொந்தமாகக் கட்டிய ஏழு பாட்டுகள் இதுவரை கையில் இருக்கின்றன. முதல் ஒலிப்பதிவு வெளிவரும்போது தாங்களே அறிவித்துக்கொள்வதாகச் சொல்லியிருப்பதால் குழுவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் பல ஆண்டுகளாக என் மனத்தில் கிடந்து உறுத்திய ஒன்றுக்கு அந்த மாடியில் விடை கிடைத்ததால், அதை மட்டும் எழுதிவிட நினைக்கிறேன்.

அவர்கள் சுருதி சேர்த்த விதத்தைத்தான் சொல்கிறேன். சுருதி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; அந்த நாகசுரம் இரண்டரைக் கட்டை. மரத்தின் நீளமும் துளைகளின் இடமும் கடைசலோடு முடிந்துபோன சங்கதிகள் என்பதால் வாசிப்பவர் நினைத்த மாத்திரத்தில் அதை மூன்று கட்டைக்கு ஏற்ற முடியாது. வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றியோ உதட்டை இறுக்கியோ மயிரிழை அளவுக்குத்தான் நகர்த்தலாம். கிதாரின் தடித்த தந்தியோ வழக்கமாக மூன்று கட்டையில் நிற்பது. கிதார்க்காரப் பையன், "அண்ணே, ஒரு நிமிசம், கம்பியை இறக்கிக்கிறேன்" என்று சொல்லி ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக அரைக் கட்டை தளர்த்தினான். "மெதுவா இறக்குப்பா, நான் சீவாளியை நனைச்சுக்கிறேன்" என்று நாகசுரக்காரர், நாகசுரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த நான்கு சீவாளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாயில் வைத்துக்கொண்டார். இரண்டு பாட்டு முடிந்ததும் மூச்சின் சூட்டில் நாகசுரத்தின் சுருதி கொஞ்சம் ஏறியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கிதாரும் பேஸும் தாமாகவே அந்த இம்மியளவு முறுக்கி ஏறி வந்து சேர்ந்துகொண்டன.

இசையை மேடையில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வமான காட்சி என்பது தெரியும். 'ஃப்யூஷன்' என்ற பெயரில் நான் கேட்ட நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றில் பாட்டு முழுவதும் கீபோர்டுக்கு வசதியான சுருதியில் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கும். நாகசுரக்காரர் கடைசி நேரத்தில் வந்து, அந்தச் சுருதியில் தன் வாத்தியத்துக்கு எட்டுகிற நான்கு வரியை மட்டும் ஊதிவிட்டுப் போவார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடும். மாற்றுவதற்கு எளிதான வாத்தியம் அசையாமல் நிற்க, மாற்றவே முடியாத வாத்தியத்தை வளையச் சொல்வதில் இசைக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒலிப்பதிவு அறையில் இதைவிட மோசமாக நடக்கிறது. வாசித்ததைக் கணினியில் போட்டு ஒவ்வொரு சுரத்தையும் கட்டத்துக்குள் நேராக நிறுத்திவிடுகிறார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போகிற அந்த அசைவைத் துடைத்துவிட்ட பிறகு, நாகசுரத்தின் குரல் மட்டும் மிச்சமிருக்கும், பேச்சு போய்விடும்.

நானும் ஒரு முறை இதற்கு உடந்தையாக இருந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரி விழாவுக்கு ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். டிரம் செட்டுக்கு ஐந்து மைக் வைத்தார்கள்; நாகசுரத்துக்கும் உறுமிக்கும் சேர்த்து ஓரமாக ஒன்று. கிதார், கீபோர்டு வாசித்தவர்களுக்குப் பேசிய தொகை உறையில் போனது. மேளக்காரர்களுக்குப் பேட்டா என்று சொல்லி அதில் கால் பங்கு கூடக் கொடுக்கவில்லை. விளம்பரத் தாளில் மற்ற எல்லாருடைய பெயரும் இருக்க, இவர்களைப் பற்றி 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருந்தது. அப்போது நான் வாய் திறக்கவில்லை. அந்த உறுமிக்காரர் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்த முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

கலப்பு இசை என்றாலே சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்திறங்கிய புதுமை என்று மதுரைக்காரர்களே பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ஊரின் காது கலப்பில் வளர்ந்த காது. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சபை வைத்து நடத்திய நாடகங்களிலிருந்து இன்றைய ஸ்பெஷல் நாடகம் வரைக்கும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம்தான் மேடையைத் தாங்கியிருக்கிறது. ஆர்மோனியத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வழுக்கிப் போகிற நயம், வராது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த முப்பது ஆண்டுகளிலும் நம் ஊர்ப்புறங்களில் விடிய விடிய வள்ளி திருமணம் அதே ஆர்மோனியத்தின் துணையோடுதான் நடந்தது. ஆர்மோனியம் தொட முடியாத இடத்தைப் பாடுபவர்கள் குரலால் நிரப்பினார்கள்; கேட்பவர்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை.

வேறு திசையிலும் சான்று உண்டு. மதுரையில் 1912-இல் பிறந்த மதுரை மணி ஐயர், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மேற்கத்திய மெட்டுப் பாணியில் கட்டிய இங்கிலீஷ் நோட்டைத் தம் கச்சேரிகளில் பாடிப் பரப்பினார். சாத்திரிய சங்கீத ரசிகர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை, காத்திருந்து கேட்டார்கள். அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட இளையராஜா, 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் தியாகராஜரையும் ஜெர்மானிய இசைமேதை பாக்கையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார்.

நான் சொல்ல வருகிற நியாயத்துக்கு மிக அருகில் வருவது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில், டென்மாவின் இசைப் பொறுப்பில் 2017-இல் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை கண்ட அந்தக் குழுவில் கானாவும் ராப்பும் ராக்கும் கலந்திருந்தன. கானா பாடியவர்கள் நடுமேடையில் நின்றார்கள். ராக் வாத்தியங்கள் அவர்களுடைய மூச்சுக்கும் நிறுத்தத்துக்கும் காத்திருந்து நடந்தன. அயோத்திதாசப் பண்டிதர் பேசிய சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரெடுத்த குழுவுக்கு அந்த மேடை ஒழுங்கு பொருத்தமானதாகவே இருந்தது.

செல்லூர் மாடிக்கு வருகிறேன். அவர்களுடைய ஏழு பாட்டுகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது விசைத்தறிப் பாட்டு. பக்கத்துத் தெருவில் தறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தை மூன்று மூன்றாக எண்ணினால் திஸ்ரமாகக் கேட்கிறது, நான்கு நான்காக எண்ணினால் சதுஸ்ரமாகக் கேட்கிறது. உறுமி திஸ்ரத்தைப் பிடித்துக்கொள்ள, பேஸ் கிதார் நான்கிலேயே நிற்கிறது. ஆல்ரவுண்ட்காரர் தன்னைச் சுற்றிப் பரப்பி வைத்திருக்கும் டிரம், ஜாலரா, மணி, கொட்டாங்குச்சி ஆகியவற்றில் எதைத் தட்டினாலும் இரண்டு கணக்குக்கும் பொருந்துகிற இடமாகப் பார்த்துத் தட்டுகிறார். நாடகத்தில் பபூன் விழும்போதும் ராஜா நடந்து வரும்போதும் கண்ணை நடிகர் மேல் வைத்து ஒலி கொடுத்துப் பழகிய கை அது. இங்கே அந்தக் கண் உறுமிக்காரரின் வளைந்த குச்சி மேல் இருந்தது. அந்தக் குச்சி உறுமியின் இடப்பக்கத் தோலில் தேய்ந்து எழுப்புகிற உறுமலுக்குக் கீழே பேஸ் தந்தி வந்து ஒட்டிக்கொள்ளும்போது எது தோல், எது கம்பி என்று பிரிக்க முடியவில்லை. இதை என்ன வகை இசை என்று அழைப்பது என எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை.

என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், கோயில் வாத்தியங்களை இப்படி மேடைக் கூத்தில் இழுத்து விடுவது சரியா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நானோ அவரோ இல்லை. அந்த உறுமிக்காரரிடமே கேட்டேன். சாமி அழைக்கிற அடியைத் தான் இங்கே வாசிப்பதில்லை என்றும், ஆட்டத்துக்கான அடிகளையும் புதிதாகக் கட்டியவற்றையும்தான் தருவதாகவும் சொன்னார். ஒரு பாட்டில் அந்த அடிக்கு நெருக்கமாக ஓர் இடம் வந்தபோது அவர் வேண்டாம் என்றதும், மூன்று வாரம் உழைத்துக் கட்டிய முடிப்பை மற்ற நால்வரும் கலைத்துவிட்டு வேறு முடிப்புப் போட்டிருக்கிறார்கள். எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்று முடிவு செய்யும் உரிமை அந்த வாத்தியத்தோடு வாழ்பவரிடம் இருக்கும்வரை எனக்கு இந்தக் கலப்பில் அச்சமில்லை.

கிடைக்கிற பணத்தை ஐந்து சம பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். பாட்டு கட்டியவர்கள் என்ற இடத்தில் ஐவர் பெயரும் போடப்போகிறார்கள், ஏனென்றால் உறுமியின் நடையிலிருந்து பிறந்த பாட்டுக்குக் கிதார் வாசித்தவரை மட்டும் இசையமைப்பாளர் என்று சொல்ல முடியாது. இதை முதல் நாளிலேயே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுயாதீன இசைக்குழு தொடங்க நினைக்கிற தம்பி தங்கைகள் வாத்தியம் வாங்குவதற்கு முன்பு இந்தத் தாளை எழுதிக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர்களுடைய முதல் மேடையை ஏப்ரலில் வைக்கலாமே என்று நான்தான் ஆலோசனை சொன்னேன். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஊரே வெளியே இருக்கும் என்பது என் கணக்கு. கிதார்க்காரப் பையன் தலையசைத்து மறுத்தான். பங்குனியும் சித்திரையும் நாகசுர அண்ணனுக்கு ஊர்ப் பொங்கல், முளைப்பாரி, கோயில் கொடை என்று வரிசையாக ஒப்புக்கொண்ட வேலைகள் இருக்கின்றன. அந்த இரண்டு மாதமும் குழுவுக்கு விடுமுறை. வைகாசி கடைசியில் மறுபடி மாடியில் கூடுவார்கள். அதுவரை கிதாரின் தந்திகளை ஏற்றாமல் இரண்டரைக் கட்டையிலேயே விட்டு வைத்திருக்கப் போவதாகச் சொன்னான்.