முதலில் பிரேக்கைப் பாருங்கள்

தாத்தா விட்டுப்போன 1936 ஃபோர்டு செடானை அந்தக் காலத்து ஹாட் ராடாக (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) மாற்றும் அமெரிக்கப் பேரனைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் இன்ஜினைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு பிரேக்கை மறந்துவிட்டீர்களே! ஃபோர்டு கார்களுக்கு 1939 மாடலில்தான் ஹைட்ராலிக் பிரேக், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக், வந்தது. 1936 வண்டியில் பெடலை மிதித்தால் கம்பிதான் இழுக்கும். கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிகளில் பந்தயம் விட்ட பையன்களே பழைய வண்டியில் அந்தப் புதிய பிரேக்கை மாட்டிக்கொண்டார்கள். அதனால் 'பழைய பாணி' கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் சூடு. அந்த வண்டியின் ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜினில் (வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் எட்டு சிலிண்டர் இன்ஜின்) எக்ஸாஸ்ட் புகை, சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தை ஒட்டித்தான் வெளியே போகிறது. டிராஃபிக்கில் நின்றால் கொதிக்காமல் என்ன செய்யும்? வேகத்துக்காக கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இரண்டாக்கும் முன், பிளாக்கின் நீர்ப்பாதையில் அடைந்து கிடக்கும் துருவையும், பிளாக்கை வார்த்தபோது உள்ளே தங்கிய மணலையும் சுரண்டி எடுக்கட்டும்.

கூரையை வெட்டித் தாழ்த்தும் யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு கதவுக் குடும்ப வண்டி அது. கண்ணாடியெல்லாம் புதிதாக வெட்ட வேண்டும், பிறகு பழையபடி ஆக்குவது லேசில்லை. கழற்றிய பம்பர், ஃபெண்டர்களையாவது (சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டு) விற்காமல் ஷெட்டில் போட்டு வைக்கட்டும். அடுத்த தலைமுறைக்கு வேறு ஆசை வரலாம்.