கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்த கார்னிவல்

பிரேசிலின் சால்வடோர் நகரத்தில் கார்னிவல் என்ற தெருத் திருவிழாவுக்குப் போய் எடுத்த படங்களைப் போன வாரம் இங்கே போட்டதிலிருந்து இரண்டு விதமான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று, பிரேசில் வரைக்கும் போய்விட்டு ரியோவுக்கு ஏன் போகவில்லை என்பது. இன்னொன்றை என் கணவருடைய சித்தப்பா வீட்டுக்கே வந்து கேட்டார்: "அந்தக் கூத்துக்கெல்லாம் குடும்பத்துப் பொம்பளையைக் கூட்டிக்கிட்டுப் போவாங்களாப்பா?"

கார்னிவல் என்றதும் நம் மனதில் இறகு கட்டிய ஆட்டக்காரிகள்தான் வருகிறார்கள். அது ரியோவின் அணிவகுப்பு; அதற்கென்றே கட்டிய அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பது. அதைக் குறை சொல்லவில்லை. நாங்கள் போனது வேறொன்றைப் பார்க்க.

என் மாமனார் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிரேசிலில் சால்வடோர் என்ற ஊரில், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய தொழிலாளர்கள் 1949இல் காந்தி பெயரில் ஒரு கார்னிவல் குழுவைத் தொடங்கினார்கள் என்று என் கணவர் எங்கோ படித்துவிட்டார். காந்தி சுடப்பட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "ஃபில்யோஸ் டி காந்தி", அதாவது காந்தியின் பிள்ளைகள். அன்றிலிருந்து பல வருஷமாக வீட்டில் இதே பேச்சு. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் 2024 பிப்ரவரியில் கிளம்பிவிட்டோம். அந்தக் குழுவுக்கு அது 75ஆவது ஆண்டு.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் சென்னை இருக்கிறது என்றால், தெற்கே ஏறக்குறைய அதே 13 டிகிரியில் சால்வடோர். அதே புழுக்கம், அதே உப்புக்காற்று. ஆனால் பார்ரா கடற்கரையில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. மெரினாவில் உதயம் மட்டுமே பார்த்த எனக்கு அது பெரிய விஷயம். 1549இல் போர்த்துக்கீசியர் கட்டிய இந்த ஊர் 1763 வரை பிரேசிலின் தலைநகரம். ஆப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய 50 லட்சம் பேரை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கிய நாடு அது. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை பேரை இறக்கவில்லை. அதில் சால்வடோர் துறைமுகத்துக்குப் பெரிய பங்கு. இன்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளும் வண்ண வண்ண வீடுகள் நிறைந்த பழைய பகுதிக்குப் பெயர் பெலோரிஞ்ஞோ. அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த கம்பத்துக்குத்தான் அந்தப் பெயர். ஊரில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர் அல்லது கலப்பினத்தவர். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், அப்போதுதான் கயிற்றுக் கதை புரியும்.

1950இல் தோதோ, ஒஸ்மார் என்ற இரண்டு நண்பர்கள் 1929ஆம் வருஷத்து ஃபோர்டு கார் ஒன்றில் ஒலிபெருக்கியைக் கட்டி, தாங்களே செய்த மின்சார வாத்தியங்களை வாசித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஊரே பின்னால் ஆடிக்கொண்டு போனது. அடுத்த வருஷம் மூன்றாவது ஆளும் சேர்ந்ததால் "ட்ரியோ எலெட்ரிகோ" என்று பெயர் வந்தது. அந்தக் கார் இன்று பிரம்மாண்டமான லாரியாக வளர்ந்துவிட்டது. சுற்றிலும் ஸ்பீக்கர், மேலே மேடை, மேடையில் பெரிய பாடகர்கள். லாரி ஊர்ந்து போகும், ஜனம் பின்னால் போகும். மூலக்கதை இவ்வளவுதான். யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை.

கயிறு பின்னால் வந்தது. லாரியைச் சுற்றி நீளமாகக் கயிறு கட்டி, அதற்குள் நடக்க ஒரு சட்டை விற்கிறார்கள். "அபாடா" என்று பெயர். பிரபலமான பாடகரென்றால் ஒரு நாளைக்கு அந்த ஊர்ப் பணத்தில் ஆயிரம் ரியாலைக்கூடத் தாண்டும். நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். கயிற்றை எதிலும் கட்டிவைக்க முடியாது, லாரியோடு அது நகர வேண்டும். அதனால் நூற்றுக்கணக்கான ஆட்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே மணிக்கணக்கில் நடக்கிறார்கள். இவர்கள்தான் "கோர்டெய்ரோ", கயிறு பிடிப்பவர்கள். வெளியே காசில்லாமல் ஆடுகிற ஜனத்துக்கு "பிபோக்கா" என்று பெயர். சோளப்பொரி. சட்டியில் பொரி குதிப்பதுபோல் குதிக்கிறார்களாம்.

முதல் முறை போகிறோம், பாதுகாப்பு முக்கியம் என்று ஊரிலிருந்தே இரண்டு அபாடா வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை மதியம் பார்ரா கலங்கரை விளக்கத்தின் பக்கம் லாரி கிளம்பக் காத்திருந்தோம். நடைமேடை ஓரத்தில் கயிறு பிடிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. துணிக் கையுறை, காதில் அடைக்கப் பஞ்சு மாதிரி ஒன்று, ஒரு தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட். ஃபோனில் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, பையும் செருப்பும் வாங்க வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்றார். கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் தடித்து, முந்தின நாள் உரசலில் சிவந்து கிடந்தது. அவருடைய ஒரு நாள் கூலி, என் முதுகில் இருந்த சட்டையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

லாரி கிளம்பியது. ஒந்தினா என்ற பகுதி வரை நான்கு கிலோமீட்டருக்கு மேல். பாட்டைக் குறை சொல்லவே முடியாது, நெஞ்சுக்குள் இடித்தது. ஆனால் கூட்டம் வெளியிலிருந்து நெருக்கும்போதெல்லாம் கயிறு இறுகியது. அந்த அம்மாவின் உடம்பு எங்கள் பக்கமாகச் சாய்ந்து வரும், பிறகு வெளியே இழுபட்டுப் போகும். உள்ளே இருந்தவர்களில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்கள், எங்களைப் போல வெளியூர்க்காரர்கள். கயிற்றைப் பிடித்தவர்களும் கயிற்றுக்கு வெளியே இருந்தவர்களும் அநேகமாக எல்லோரும் கறுப்பர்கள். ஒரு மணி நேரம் தாங்கியிருப்பேன். "ஏங்க, அந்தம்மா கையைப் பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். "வா, வெளிய போயிடலாம்" என்றார். குனிந்து கயிற்றுக்கு அடியில் வெளியே வந்துவிட்டோம். அந்த அம்மா ஒரு கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்து எனக்கு வழிவிட்டார்.

நமக்குத் திருவிழாவில் கயிறு என்றால் தேர் வடம். ஊர் சேர்ந்து இழுப்பதற்கு. (அந்த வடத்தை யார் தொடலாம் என்பதற்கே நம் ஊரில் வழக்கு நடந்திருக்கிறது. கண்டதேவித் தேர் எத்தனை வருஷம் நீதிமன்றப் படியில் நின்றது என்று நமக்குத் தெரியும். அதனால் இந்தக் கயிறு எனக்குப் புரியாத விஷயமாக இல்லை.) பொதுத் தெருவைக் காசு கொடுத்தவனுக்கு வளைத்துக் கொடுப்பதும், வளைக்கிற வேலையை அந்தத் தெருவுக்கு உரியவர்களின் கையிலேயே கொடுப்பதும் தப்பு. எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கார அம்மா இதற்கு ஒரு பதில் சொன்னார். கயிறு இல்லையென்றால் இத்தனை பேருக்கு அந்த நாலு காசும் போய்விடுமே என்றார். நியாயமான கவலை. ஆனால் பெரிய பாடகர்கள் பலர் இப்போது கயிறே இல்லாமல் லாரி ஓட்டுகிறார்கள். அரசும் விளம்பரதாரர்களும் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிச் செலவழிக்கப் பணம் இருக்கிறதென்றால், கூட்டத்துக்கு வழிகாட்டவும் மயங்கி விழுந்தவரைத் தூக்கவும் தண்ணீர் கொடுக்கவும் இதே ஆட்களுக்கு முறையான கூலியில் வேலை கொடுக்கலாம். கயிறு பிடித்தால்தான் சோறு என்பது ஒரு ஏற்பாடுதானே? மாற்ற முடியாத விதி இல்லை.

சனிக்கிழமை ராத்திரி லிபர்தாதே பகுதியில் குருசூ என்ற மேட்டுக்குப் போனோம். "இலே அயே" குழு அங்கிருந்துதான் புறப்படும். 1974இல் தொடங்கியது. பணக்காரக் குழுக்களில் கறுப்பர்களுக்கு இடம் கிடைக்காத காலம், அதுவும் ராணுவ ஆட்சி. கறுப்பர்கள் மட்டுமே நடக்கும் குழு என்று அவர்கள் 1975இல் முதன்முதலாக இறங்கியபோது, ஊர்ப் பத்திரிகை ஒன்று இவர்களைத்தான் இனவெறியர்கள் என்று எழுதியது. கோயில் வாசலில், ஆப்பிரிக்க மக்களோடு வந்த கந்தோம்பிளே வழிபாட்டின் பூசாரி அம்மாக்கள் பொரியைத் தூவி, வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட்ட பிறகுதான் முரசு தொடங்கியது. மேட்டிலிருந்து நூறு முரசு ஒன்றாக இறங்கி வரும்போது கால் தானாக நடக்கிறது. கிழவிகள் மாடி ஜன்னலில் நின்று கூடவே பாடினார்கள். எங்களை யாரும் யார் என்று கேட்கவில்லை. ஒரு பாட்டி தன் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஆடப் போய்விட்டார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, காந்தியின் பிள்ளைகள் புறப்படும் நாள். என் கணவர் விடிகாலையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பெலோரிஞ்ஞோ சந்துகளில் மதியத்துக்கு முன்பே ஸ்டூல் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பெண்கள் அவர்கள் தலையில் தலைப்பாகை தைக்கிறார்கள். ஆமாம், தலையில் வைத்தே ஊசி நூலால் தைக்கிறார்கள். வெள்ளைக் குளியல் துண்டு. நெற்றிப் பக்கம் ஒரு மடிப்பு, பின்னால் ஒரு மடிப்பு, நடுவில் நீலக் கல். ஒரு அக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, அந்த மனிதரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அடுத்த ஆள். 1949இல் அந்தத் தொழிலாளர்களிடம் வேறு உடைக்குக் காசில்லை. படுக்கை விரிப்பை உடுத்தி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதுவே சீருடையாகிவிட்டது. இன்று அந்த உடைக்கும் காசு கட்ட வேண்டும்தான், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நாங்கள் பார்த்தவர்களில் நிறையப் பேர் அக்கம்பக்கத்து மனிதர்கள், அப்பாவும் மகனுமாக வந்தவர்கள்.

முதலில் ஏஷு தெய்வத்துக்குப் படையல், வழியில் இடைஞ்சல் வரக் கூடாது என்று. பிறகு அகோகோ மணி தொடங்கியது. இரட்டை மணி, அவசரமே இல்லாத தாளம். இஜெஷா என்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கோயில் வழியாக வந்தது. லாரிகளின் இரைச்சலுக்குப் பிறகு அந்த மணி காதில் எண்ணெய் விட்ட மாதிரி இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளையும் நீலமுமாகச் சந்துகளை அடைத்துக்கொண்டு, கையிலிருந்த லாவெண்டர் தண்ணீரைக் கூட்டத்தின் மேல் தெளித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தார்கள். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா பார்த்திருக்கணும்" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தக் குழு ஆண்களுக்கு மட்டுமானது. 1979இல் பெண்கள் தனியாக "ஃபில்யாஸ் டி காந்தி" தொடங்கினார்கள். ஆண்கள் குழுவினர் தங்கள் கழுத்தில் கிடக்கும் நீலவெள்ளை மணிமாலையைப் பெண்களுக்குக் கொடுத்துப் பதிலுக்கு முத்தம் கேட்பது ஒரு வழக்கம். அதன் பெயரால் அத்துமீறியவர்கள் உண்டு, அந்த ஊர்ப் பெண்களே அதை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். சம்மதமில்லாமல் தொடுவதை 2018இல் சட்டம் குற்றமாக்கியது. "வேண்டாம் என்றால் வேண்டாம்" என்ற வாசகத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு பெண்கள் ஆடுவதைப் பார்த்தேன். என்னிடம் ஒரு பெரியவர் மாலையை நீட்டிக் கன்னத்தைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். சிரித்துக்கொண்டே மாலையை என் கணவர் கழுத்தில் போட்டுவிட்டு நடந்துவிட்டார். அந்த ஆறு நாளில் நெரிசலில் இடி பட்டிருக்கிறேன், கால் மிதி பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பேருந்தில் பட்டதை விட மோசமாக எதுவும் படவில்லை. இது என் அனுபவம் மட்டும்தான், எல்லாப் பெண்களுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அபாடா வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு நாள் தங்கலாம். கயிறில்லாத லாரி எது, எந்த நாள், எந்தத் தெரு என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். பழைய ஊரில் முரசுக் குழுக்களைச் சும்மாவே பார்க்கலாம். தெருவோரத்தில் வெள்ளைப் பாவாடை கட்டி உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் அக்கராஜே சாப்பிடுங்கள். தட்டைப்பயற்றைத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயம் சேர்த்து, மெதுவடைக்கு அடிப்பதுபோல் மரக்கரண்டியால் அடித்து, சிவப்புப் பனை எண்ணெயில் பொரிப்பது. "கென்ச்சி?" என்று கேட்பார்கள். சூடாக வேண்டுமா என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு நான் தலையாட்டினேன். மிளகாய் போடட்டுமா என்றுதான் கேட்கிறார்கள். நமக்கு அது சரிப்பட்டு வரும்.

தண்ணீரைத் தெர்மாகோல் பெட்டி வைத்து விற்பவர்களிடம் வாங்குங்கள். இடம் பறிபோகாமல் இருக்கப் பிள்ளைகளோடு அங்கேயே அட்டை விரித்துப் பல ராத்திரி படுக்கிறார்கள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். காலி டப்பாவைத் தூக்கி எறியாமல் கையில் வைத்திருங்கள், அதைப் பொறுக்கி எடைக்குப் போடுகிறவர் யாராவது இரண்டு நிமிஷத்தில் வந்து கை நீட்டுவார்.