பல்லிக்கு உத்தரவாதம் இல்லை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை முழுவதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் செத்துப்போனது. டப் என்று ஒரு சத்தம் கேட்டது. ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு இருண்டது. சுவிட்சைத் தூக்கிவிட்டபோது மெஷினைத் தவிர எல்லாம் உயிர்பெற்றன. அதன் கதவோ பூட்டியபடியே கிடந்தது. கண்ணாடிக்குள்ளே வெள்ளைச் சட்டைகள் தண்ணீரில் மெல்ல அசைய, நாங்கள் குடும்பமாகக் குந்தியிருந்து மீன் தொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த வகை மெஷின் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் தண்ணீரை வடிக்கும் வடிகட்டி வரும். பெரும்பாலான மெஷின்களில் அதன் அருகிலேயே கதவைக் கையால் விடுவிக்கும் ஒரு நாடாவும் உண்டு. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு தண்ணீரை வடியுங்கள், கடைசியில் நாடாவை இழுங்கள். எனக்கு இதெல்லாம் தெரியவந்தபோது இரவு பதினொரு மணி. வடிகட்டிக்குள் ஒரு தலைக் கிளிப்பும், ஒரு பத்து ரூபாய்க் குற்றியும், மாமி மூன்று மாதமாகத் தேடிய சேலைப் பின்னும் இருந்தன. சட்டைகளைக் கிணற்றடியில் அலசிக் காயப்போட்டு முடிக்க நடுச்சாமம் ஆகிவிட்டது.

மெஷின் வாங்கி 14 மாதம். விலை 175,000 ரூபாய். பன்னிரண்டு தவணையையும் கட்டி முடித்து இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தோம். முன்பக்கத்தில் தங்க நிறத்தில் ‘10 வருட உத்தரவாதம்’ என்று பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் எங்களை வாங்க வைத்தார்கள். நானும் அந்த ஒட்டியைக் கிழிக்காமல், துடைத்துத் துடைத்துக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

திருத்துநர் எங்கள் மாவட்டத்துக்குப் புதன்கிழமைகளில் மட்டுமே வருவாராம். இரண்டாவது புதன்கிழமை வந்தார். பண்பான பிள்ளை. பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்து, “சேர், இங்கே பாருங்கள்” என்றார். சர்க்கியூட் போர்ட்டின் ஓரத்தில், வயர்கள் வந்து செருகும் இடத்தில், ஒரு பல்லி காய்ந்து கருவாடாக ஒட்டியிருந்தது. முன்னங்கால் ஒரு முனையில், வால் மறு முனையில். இரண்டுக்கும் நடுவே 230 வோல்ற்.

“இதற்கு உத்தரவாதம் இல்லை சேர். பல்லி, எலி, பூச்சியால் வந்த பழுதெல்லாம் கணக்கில் வராது.”

“பத்து வருடம் என்று போட்டிருக்கிறதே, தம்பி?”

“அது மோட்டாருக்கு. போர்ட்டுக்கு ஒரு வருடம்தான்.”

மோட்டார் ஏன் பத்து வருடம் பழுதாகாது என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். இன்வேர்ட்டர் மோட்டார் என்கிற இந்தப் புதிய வகையில், பழைய மோட்டார்களில்போல உரசித் தேயும் கரித்துண்டு இல்லை. கெடுவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. கெடக்கூடியது அதை ஓட்டும் போர்ட். ஆகவே சாகாததற்குப் பத்து வருடமும் சாகக்கூடியதற்கு ஒரு வருடமும் உத்தரவாதம் தருகிறார்கள். புதிய போர்ட் 52,000 ரூபாய். கொழும்பிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்.

மாமி பஞ்சாங்கத்தை எடுத்துவந்தார். பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், வலக்கையில் விழுந்தால் என்று எல்லாவற்றுக்கும் பலன் போட்டிருக்கிறார்கள். போர்ட்டில் விழுந்தால் என்ன பலன் என்று மட்டும் இல்லை. பொருள் நட்டம் என்று நானே பேனையால் எழுதிவைக்க நினைத்தேன். மாமியின் பஞ்சாங்கம் என்பதால் கை வரவில்லை. வெளியூர் நண்பர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. நாங்கள் வந்து ஏறிய மாப்பிள்ளைகள். இருபது வருடமானாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கு முன் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பல்லியை நினைத்து நாம் வெட்கப்படவும் வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். நாட்டுக்கு ஒரு குரங்கு, எங்கள் வீட்டுக்கு ஒரு பல்லி.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. களுவாஞ்சிக்குடியில் மச்சான் வீட்டில் இருந்தோம். மச்சான் கூரை நிறையச் சூரியத் தகடுகள் போட்டிருக்கிறார். மின்சார சபைக்கு விற்கிறேன் என்று யாரைக் கண்டாலும் சொல்லுவார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. தகடுகள் பளபளக்கின்றன. வீட்டுக்குள் ஒரு மின்விசிறிகூடச் சுற்றவில்லை. “என்ன மச்சான், சூரியனும் கட்டணம் கட்டவில்லையா?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் இரண்டு நாள் கதைக்கவில்லை.

உண்மையில் அது பழுது அல்ல, அதன் அமைப்பே அப்படித்தான். தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி, மின்சார சபையின் கம்பியோடு சேர்ந்து ஓடும் சாதாரண இன்வேர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று கண்டதும் தன்னையும் நிறுத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் மின்வெட்டு என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரை நம் கூரை மின்சாரம் கொன்றுவிடும். மின்தடையிலும் வீடு எரிய வேண்டுமானால் பற்றரியும் அதற்கேற்ற வேறு வகை இன்வேர்ட்டரும் வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இலட்சக்கணக்கில் பணம் வாங்கியவர் இந்த ஒரு வசனத்தை மச்சானிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்பாவனை குறைவு என்பதால் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டபோது மச்சான் சூரியனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

நான் பழையதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவன் அல்லன். கொக்கட்டிச்சோலைப் பக்கம், படுவான்கரையில், குப்பி விளக்கில் படித்து மூக்குத் துவாரம் கறுத்தவன். விறகடுப்பின் புகையை அழகு என்று எழுதுகிறவர்களைக் கண்டால் அந்த அடுப்பின் முன்னால் ஒரு வாரம் இருத்திவிட வேண்டும் என்று தோன்றும். துணி துவைக்கும் மெஷின் பெண்களின் முதுகைக் காப்பாற்றிய சாமான். என் கோபம் மெஷினோடு இல்லை. விலை என்ன, எத்தனை கிலோ, கைபேசியால் இயக்கலாமா என்றெல்லாம் கடையில் கேட்கிறோம். இதை இந்த ஊரில் யார் திறப்பார்கள் என்று யாருமே கேட்பதில்லை. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக நடுவில் ஒரு நாடாவைப்போலக் கிடக்கிற கல்லடியில் இருந்துகொண்டு, உப்புக் காற்றில் கதவுப் பிணைச்சலே துருப்பிடித்து உதிர்கிற இடத்தில் இருந்துகொண்டு, முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் மட்டுமே வைத்தியம் உள்ள சாமான்களை வாங்கி அடுக்குகிறோம்.

எங்கள் வீட்டு மண்டபத்தில் மாமா வாங்கிய மின்விசிறி முப்பது வருடமாகச் சுற்றுகிறது. ஓட்டம் மெதுவானால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். சந்திக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஏணியில் ஏறிக் கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் இங்கே என் வாதத்துக்கு நானே ஒரு குழி தோண்ட வேண்டும். அந்த விசிறி ஏறத்தாழ 75 வாற் குடிக்கிறது. ரிமோற்றோடு வரும் புதிய வகை 30 வாற்றில் அதே காற்றைத் தருகிறது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்குப் பதினாறு அலகு மிச்சம். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று மின்கட்டணம் ஏறியதை அனுபவித்தவர்கள் பதினாறு அலகைச் சும்மா என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே படுக்கையறைக்குப் புதியதை வாங்கினேன். ஆனால் சுவர்ச் சுவிட்சைத் தட்டினாலும் சுற்றத் தொடங்குமா என்று கடையில் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினேன். நடுச்சாமத்தில் தலையணைக்குக் கீழே ரிமோற்றைத் தேடி வியர்ப்பது எனக்குச் சரிவராது.

இன்னொன்று, வீட்டுத் தொலைபேசி. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே அந்தக் கம்பி வழியாக வரும், 48 வோல்ற். அதனால்தான் வீடு இருண்டாலும் அது அடித்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்துபோன பிறகும் மாமியின் பழைய தொலைபேசியில் உயிர் இருந்தது. பக்கத்து வீட்டார் மத்திய கிழக்கில் இருக்கும் பிள்ளைகளின் அழைப்புக்காக எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார்கள். பிறகு ஃபைபர் வந்தது. கண்ணாடி இழை வெளிச்சத்தைத்தான் கொண்டுவரும், மின்சாரத்தை அல்ல. வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டர் சாகிறது, அதோடு தொலைபேசியும் சாகிறது. இதையும் பொருத்த வந்தவர்கள் சொல்லவில்லை. சிக்கல் எங்கள் பக்கத்தில் மட்டும்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது ரவுட்டருக்கென்று 12 வோல்ற்றில் ஒரு கையடக்கப் பற்றரிப் பெட்டி வைத்திருக்கிறேன். மூன்று மணி நேரம் தாங்குகிறது. இந்த வீட்டுக்குள் வந்த நவீன சாமான்களில் எனக்கு முழு மரியாதை அதற்குத்தான். அதில் ஒரு வெளிச்சம், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

பிளக்கைப் பற்றித் தொடங்கினால் இன்று முடிக்க மாட்டேன். 13 அம்பியர் சதுர முள்தான் நாட்டின் தரம் என்று 2017இல் தீர்மானித்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் மாமாவின் வட்ட முள், அதற்குப் பக்கத்தில் சதுர முள், கையில் இரண்டு முள் சார்ஜர். மேல் துளைக்குள் பேனை மூடியைக் குத்தி இரண்டு முள்ளைத் திணிக்காத வீடு இந்தக் கரையில் இருந்தால் சொல்லுங்கள். அந்த மேல் துளை பூமிக் கம்பிக்கானது. அதற்குள் முள் போனால்தான் கீழ்த் துளைகளின் கதவு திறக்கும். பிள்ளைகளின் விரல் போகாமல் மூடியிருக்கும் கதவைத்தான் நாங்கள் அதே பிள்ளைகளின் பேனையால் திறக்கிறோம்.

மெஷினுக்கு வருகிறேன். கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு. இரண்டை அழுத்தினேன். பதினெட்டு நிமிடம் இசை கேட்டேன். பிறகு ஒரு பெண் பிள்ளை சிங்களத்தில் வணக்கம் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பல்லியைச் சொல்ல வார்த்தை வரவில்லை. “சின்ன முதலை” என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எதிர்ப்பக்கம் நெடுநேரம் அமைதி. மெஷினின் முகத்திலும் தமிழ் இல்லைதான். ஆனால் அதற்கு மாமி வழி கண்டுபிடித்திருந்தார். தொடங்கும் பொத்தானில் சிவப்பு ஒட்டுப் பொட்டு, நிறுத்தும் பொத்தானில் கறுப்புப் பொட்டு. மற்ற பதினொரு பொத்தானையும் இந்த வீட்டில் எவரும் தொட்டதே இல்லை. அந்தப் பதினொன்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டினோம்.

கடைசியில் போர்ட்டைக் கழற்றி, துவாயில் சுற்றி, காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன். பிரதான வீதியிலிருந்து உள்ளே, ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கைபேசி, ரி.வி. போர்ட்டுகள் திருத்தும் இளைஞர். போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரம் படாமல் இருக்கக் கண்ணாடிபோல் ஒரு பசையை மேலே ஊற்றி உறையவைத்திருக்கிறார்கள். அதற்குள் கையை வைப்பதே கடினம். வயர் செருகும் ஓரத்தில் மட்டும் பசை இல்லை. பல்லி சரியாக அந்த இடத்தைத்தான் தேடிப்பிடித்திருக்கிறது.

“வேலை சின்னது அண்ணன். இந்தப் பசையைச் சுரண்டி எடுக்கத்தான் நேரம் போகும். அசருக்குப் பிறகு வாருங்கள்.”

அசர் என்றால் பின்னேரத் தொழுகை. அவர் கண்ணில் ஒற்றை வில்லையை மாட்டிக்கொண்டு, சூடான காற்றை மெல்ல ஊதி, மர ஈர்க்கு ஒன்றால் பசையை இழை இழையாக உரித்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பாலில் ஆடை எடுப்பதுபோல இருந்தது. உள்ளே ஒரு ஃபியூஸ், சர்க்கரைப் பாகு நிறத்தில் ஒரு வட்ட வில்லை, கருகிய ஒரு செப்புக் கோடு. அளவுக்கு மீறிய வோல்ற் வந்தால் தான் செத்து மற்றதைக் காப்பாற்றும் வில்லையாம் அது. மூன்றையும் மாற்றினார். 3,500 ரூபாய் கேட்டார். திறந்திருந்த ஓரத்துக்கும் பசை பூசித் தந்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை.

பின்பக்கத் துவாரங்களுக்கு நுளம்பு வலையை வெட்டி ஒட்டியிருக்கிறேன். காற்று போகும், பல்லி போகாது. மாமிக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெஷினுக்குப் பின்னால் நான்கு முட்டைக்கோதுகளை வரிசையாக வைத்திருக்கிறார். எது வேலை செய்கிறது என்று தெரியவில்லை. ஆனால் மெஷின் ஓடுகிறது.

போன வெள்ளிக்கிழமை சேவை நிலையத்திலிருந்து கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. மகன்தான் வாசித்தான். உங்கள் முறைப்பாடு தீர்த்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று தெரிவியுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“எத்தனை என்று கேட்க மாட்டார்கள் மகன், எந்த நட்சத்திரம் என்றுதான் கேட்டிருப்பார்கள். அப்பாவுக்குக் கேட்டை என்று எழுதிவிடு.”