15 நிமிடம் என்று சொன்னது நீங்கள்தானே?

ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழா நோம்பியில் நடந்தது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது. அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் சொந்தபந்தம், ஒரம்பறையே நாலு பேர். சரி, சிரிங்க. கமிட்டிக்காரர்களே, நான் கேட்பது ஒன்றுதான். ராப் பாட 15 நிமிடம் என்று சொல்லித்தானே என் அக்கா மகனைக் கூப்பிட்டீர்கள்? மூன்றரை நிமிடத்தில் பின்னணி இசை டிராக்கை நிறுத்தினால் என்ன அர்த்தம்?

விருந்தினர் வந்துவிட்டாராம், நேரமில்லையாம். நோம்பி மேடையில் நேரம் இழுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 11 பேருக்குப் பொன்னாடை போர்த்த 40 நிமிடம் இருந்ததே, அது எந்தக் கடிகாரத்து நேரம்?

அக்கா மகன் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்பீர்கள். ஆமாம், அக்கா மகன்தான். ஒண்டிப்புதூரில் லேத் பட்டறை வேலை முடிந்து வந்து, இரண்டு பவானி ஜமக்காளத்தைச் சுவரோரம் தொங்கவிட்டு, எதிரொலி இல்லாமல் அதற்குள் உட்கார்ந்து பாடிப் பதிகிறான். மைக்கில் சத்தம் ஏறும் என்று சித்திரை வெயிலிலும் ஃபேன் போட மாட்டான். பின்னணித் தாள இசையான பீட்டை ஆன்லைனில் லீஸுக்கு வாங்க ஒரு காசு, பாட்டை ஏற்ற ஒரு காசு. "இதில் என்ன வருமானம் வருது?" என்று வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருந்தார். 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு 2024லிருந்து ஸ்பாட்டிஃபை என்கிற பாட்டு ஆப் காசே கொடுப்பதில்லை. அவன் போட்டதில் ஒரே ஒரு பாட்டுதான் அதைத் தாண்டியிருக்கிறது. போதுமா? நேரில் நாலு பேர் கேட்டால்தான் வீட்டுக்குப் போய்த் தேடுவார்கள். அதற்குத்தான் அந்த 15 நிமிடம்.

"பேசற மாதிரியே இருக்கே, இது பாட்டா?" என்று தொகுப்பாளர் மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது. கோவைக் குசும்பாம். ஏனுங், உடுக்கையடித்து நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை பாடுகிறவரிடம் இப்படிக் கேட்பீர்களா? கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் பேச்சு, எதுகையும் மோனையும் இழுத்துக்கொண்டு போக, விடிய விடிய உட்கார்ந்து கேட்ட சனம்தானே நாம்? அப்புச்சி மடியில் பாதித் தூக்கத்தில் நானே கேட்டிருக்கிறேன்.

அமெரிக்காக்காரன் சமாச்சாரம் நமக்கெதுக்கு என்று இன்னொருத்தர். ராப் சேர்ந்த ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கில் பிராங்ஸ் என்கிற பகுதி, அடுக்குமாடிக் கட்டடத்துப் பொது அறை. பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்கத் தங்கச்சி ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. இசைத்தட்டு ஓட்டியவர் அண்ணன் கூல் ஹெர்க். துணிக்காசுக்குப் படும் பாடு நமக்குத் தெரியாததா என்ன?

கெட்ட வார்த்தை பாடினான் என்பவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. வீடியோவை முழுதாகப் பாருங்கள்.

"எல்லாரும் ஹிப்ஹாப் தமிழா ஆதி ஆயிட முடியுமா?" முடியாது. அவரும் இதே கோயம்புத்தூர்க்காரர்தான், அது இருக்கட்டும். இவன் ஆதி ஆக வேண்டாம். 15 நிமிடம் பாடினால் போதும். முதல் பாட்டில் தாளத்தை விட்டு முன்னால் ஓடினான், மூச்சு வாங்கியது. எனக்கும் கேட்டது. இரண்டாவது பாட்டில் சரியாகியிருக்கும். விட்டீர்களா?

நானும் மெல்லிசைக் குழுவில் மூன்று வருடம் பாடியவன். இது பலருக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொள்வதும் இல்லை. சூலூர்ப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது சரணத்துக்கு வாயெடுக்கும்போது ஒருத்தர் வந்து மைக்கைக் கையிலிருந்து வாங்கினார். "பந்தி ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க." அவ்வளவுதான். கீழே முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது "போச்சாது போ", அதாவது பரவாயில்லை விடு என்று ஒரே வார்த்தை. அதற்குப்பிறகு நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. மைக்கை வாங்கியவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. அவர் நன்றாகச் சாப்பிட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையை விட்டு இறங்கும்போது மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். வேண்டாம், அதை எழுதவில்லை.

"எதுவும் போட்டுடாதீங்க மாமா, அப்புறம் எங்கயும் கூப்பிட மாட்டாங்க" என்று நேற்றே சொன்னான். போட்டுவிட்டேன். திட்டுவான்.

கமிட்டிக்காரர்களுக்கு ஒன்று. மன்னிப்பு, சம்பளம் எதுவும் கேட்கவில்லை. மைக் செட்காரரிடம் கொடுத்த பென் டிரைவ் இன்னும் திரும்பி வரவில்லை. ஓடாத மூன்று பாட்டும் அதில்தான் இருக்கிறது. அதையாவது கொடுத்தனுப்புங்க.