அப்பா முன்னால் நின்று நடத்தினால்தானா?

குடும்ப ஜெபத்தை அப்பாதான் நடத்த வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரி, ஆனால் எங்கள் ஏற்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் இருட்டின பிறகு களைத்துப்போய் வீடு வரும் அப்பாக்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜெபமாலையை அம்மாவோ பாட்டியோ தொடங்கட்டும், அப்பா கூடவே முழங்காலில் இருந்தால் போதும், பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். நற்செய்திகளில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. இரவோடு இரவாக எழுந்தார், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். அப்புறம் பைபிளில் பவுல் எழுதிய கடிதமான எபேசியர் 6:4. பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள் என்றுதான் பவுல் தந்தையரிடம் முதலில் சொல்கிறார், கண்டிப்பை மட்டும் பேசுகிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். கோயிலில் வாசகம் வாசித்துவிட்டு வீட்டில் கை ஓங்குகிற அப்பாவின் ஜெபத்துக்குப் பிள்ளை எப்படி மனதார ஆமென் சொல்லும்?