என் ஒருசந்தியைச் சுமப்பவர்கள்

ஈஸ்டர் என்னும் பாஸ்குவுக்கு முன் கத்தோலிக்கர்களாகிய நாங்கள் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கி இன்று பத்தாம் நாள். நாள்காட்டியைப் பார்த்து எண்ணினால் பதினொன்று வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் தவக்கணக்கில் சேராது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து பாஸ்குவுக்கு முந்திய சனிக்கிழமை வரை மொத்தம் 46 நாள், அதில் ஆறு ஞாயிறு போக நாற்பது. இந்தக் கழித்தல் கணக்கு எங்கள் பெரம்பூர்ப் பக்கத்துக் கறிக்கடைக்காரருக்கும் நன்றாகத் தெரியும். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் ஒரு பகுதி நேராக அவர் கடை வரிசையில் போய் நிற்கும். குறை சொல்லவில்லை, நானும் பையோடு அந்த வரிசையில் நின்றவன்தான்.

திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அப்பாயி இதைத் தவக்காலம் என்று சொன்னதே இல்லை. அவருக்கு அது 'தபசு காலம்'. நாற்பது நாளும் வெற்றிலைப் பெட்டியை மூடித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்றால் கறி மட்டுமல்ல, கறி சமைத்த சட்டிகூட அடுப்படிக்குள் வரக்கூடாது. ஒருசந்தி என்றால் மதியம் ஒரு வேளைச் சோறு, அதோடு சரி. அந்த வீட்டில் வளர்ந்ததால் எனக்கும் எட்டாம் வகுப்பிலிருந்து, பிடித்ததை விட்டுக்கொடுக்கும் ஒறுத்தல் பழக்கம் உண்டு. பிறகு சென்னை வந்து, வேலை கிடைத்து, திருமணமாகி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை. ஆண்டுதோறும் கறி, காலைக் காப்பி, அலுவலகத் தேநீர் மூன்றையும் விட்டுவிடுவேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

திருச்சபைச் சட்டம் உண்மையில் கேட்பது மிகக் கொஞ்சம். 1966-இல் ஆறாம் பவுல் திருத்தந்தை ஒறுத்தல் விதிகளைத் தளர்த்தினார். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பதினான்கு வயது முடிந்தவர்களுக்குச் சுத்தபோசனம், பதினெட்டு முடிந்தவர்களிலிருந்து ஐம்பத்தொன்பது முடியும்வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தி. அந்த ஒருசந்தியும் ஆண்டுக்கு இரண்டே நாள்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. மீதமுள்ளதெல்லாம் அவரவர் மனம்போல எடுத்துக்கொள்வது. எழுபத்து நான்கு வயதான என் அம்மாவிடம், சர்க்கரை மாத்திரை போடுகிற உடம்புக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னபோது, "சட்டம் உங்க காலத்துல வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கறியை விட்டவர்கள் மீனுக்குத் தாவுவதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சட்டம் விலக்குவது கறியை மட்டுமே. மீனுக்குத் தடை இல்லை. காசிமேட்டில் வஞ்சிரம் விற்கும் விலைக்கு, கோழியைத் துறந்து வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுத்துத் தின்பவரை ஏழ்மையைத் தேடிப்போனவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்ற ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; 2025-இல் பாஸ்கு ஏப்ரல் 20-ஆம் தேதி வந்ததால் புனித வாரத்தின் கடைசி நாட்கள் தடைக்குள் விழுந்தன. அந்தப் பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் போனதற்கு என் பக்தி காரணம் இல்லை, மீன்வளத்துறை.

இனி, நான் எழுத வந்த விஷயம். என் மனைவி திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் பிறந்தவள்; அவர்கள் வீட்டில் இதற்கு 'லெந்து நாட்கள்' என்று பெயர். திருமணமாகி இருபது ஆண்டுகளில் என் தவத்தைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. சென்ற ஆண்டு, தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நான் குளித்து முடித்துச் சட்டை மாட்டிக்கொண்டே "காப்பி வேணாம், ஞாபகம் இருக்குல்ல" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தபோது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "உங்களுக்கு நாப்பது நாள் தவம். எனக்கு நாப்பது நாள் ரெண்டு சமையல்."

அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஓர் அடுப்பில் அம்மாவுக்கு மதிய ஒருசந்திக்கான பருப்பு. முட்டை பட்ட கரண்டி அதில் பட்டுவிடக்கூடாது. பக்கத்து அடுப்பில் பிளஸ் ஒன் படிக்கிற மகனின் டிபன் பாக்ஸுக்கு முட்டைப் பொரியல், அதற்கென்று தனிச் சட்டி. காப்பிக்குப் பதிலாக எனக்குச் சுக்கு மல்லி, அது இறக்கி வைத்து ஆறிக்கொண்டிருந்தது. கழுவுதொட்டியில் முந்தைய இரவுப் பாத்திரம் விளிம்புவரை நின்றது. இத்தனையும் முடித்து எட்டே காலுக்குள் அவளும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என்னுடைய துறவு என்று நான் பெயர் சூட்டியிருந்த ஒவ்வொன்றும் அந்த அடுக்களையில் ஒரு கூடுதல் பாத்திரமாக உட்கார்ந்திருந்தது. காப்பி இல்லாத தலைவலியில் முதல் வாரம் முழுக்க நான் வள்ளென்று விழுவதும் அவள் கணக்கில்தான் சேர்கிறது என்பதை அவள் சொல்லவில்லை, மகன் சொன்னான்.

அன்று பூசையில் வாசிக்கப்பட்டது விவிலியத்தில் எசாயா ஆகமத்தின் 58-ஆம் அதிகாரம். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று ஆண்டுதோறும் அதே வாசகம்தான்; எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பசித்தவனோடு உணவைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குச் சற்று முன்னால், நோன்பு நாளில் உங்கள் விருப்பத்தையே தேடிக்கொண்டு உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று இறைவாக்கினர் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அன்றுதான் அது என் காதில் விழுந்தது. நோன்பு இருப்பவனுடைய பசியைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை. அவனுக்குக் கீழே உழைப்பவர்களுக்கு அந்த நாள் எப்படிப் போயிற்று என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியோடு பார்க்கத் தொடங்கிய பிறகு எங்கு பார்த்தாலும் அதுவே தெரிந்தது. எங்கள் அலுவலக வாசலுக்கு சைக்கிளில் கேன் வைத்துத் தேநீர் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் உண்டு. நாளுக்கு இரண்டு தேநீர், ஒன்று 12 ரூபாய். நாற்பது நாளில் 960 ரூபாய் சேரும் என்று கணக்குப் போட்டுத் தவக்கால உண்டியலில் போடுவது என் வழக்கம். உண்டியலில் போய்ச் சேர்வது ஏழைகளுக்குத்தான். அந்தப் பணம் கிளம்பி வந்த இடமும் ஓர் ஏழையின் கேன்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவர் என்னை நிறுத்தி, "என்ன சார், சுகர் வந்துருச்சா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். தபசு காலம் என்று அவருக்கு விளங்கும்படி சொன்னேன். "நல்லது சார்" என்றார். எங்கள் அலுவலகத்தில் மட்டும் என்னைப்போல் நான்கைந்து பேர் இருக்கிறோம்; அவருக்கு எங்கள் புண்ணியத்தால் ஆண்டுதோறும் நாற்பது நாள் வியாபாரம் குறைகிறது. இப்போது இரண்டு தேநீருக்கும் காசு கொடுத்துவிடுகிறேன், குடிப்பது வாசலில் நிற்கும் காவலாளி. உண்டியலுக்கு வேறு செலவிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

பரங்கிமலைக்கும் தவக்காலத்தில் ஒரு முறையாவது போய்விடுவோம். படிக்கட்டின் ஓரமாக, இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் பதினான்கு நிலைகளிலும் நின்று செபிக்கும் சிலுவைப் பாதை செய்துகொண்டே ஏறுவது சென்னைக் கத்தோலிக்கர்களுக்குப் பழகிய தவம். சிலர் வெறுங்காலோடு ஏறுவார்கள், மார்ச் மாத வெயிலில் கல் கொதிக்கும். ஏறி இறங்கியபின் படியோரமெல்லாம் தண்ணீர் பாட்டிலும் மெழுகுவர்த்தி அட்டையும் கிடக்கும். சென்ற ஆண்டு அவற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த பெண்மணி கையிலும் ஜெபமாலை இருந்தது. அந்தப் படிகளைக் கட்டுவித்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் மார்மலாங் பாலத்தைக் கட்டியதும் அவருடைய பணத்தில்தான். மலைக்குப் போகிறவர்கள் ஆற்றில் இறங்கி அவதிப்படாமல் கடப்பதற்கு ஒருவர் கைக்காசு போட்டிருக்கிறார். அவர் கறியை விட்டாரா, காப்பியை விட்டாரா என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. (அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை, அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. தினமும் அதன்மேல் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

என்னை உண்மையாகவே நிலைகுலைய வைத்தது வேறொன்று. எங்கள் கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. சென்ற ஆண்டு ரமலானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. மார்ச் 2 அவர்களுக்கு, 5 எங்களுக்கு. அந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை கீழ்வீட்டு அக்கா தம் மகனிடம் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டார். மூடியைத் திறந்தால் பூண்டும் புதினாவும் மணக்கிறது, கூடவே கொத்துக்கறி. வெள்ளிக்கிழமை. நான் பெரிய தர்மவானைப்போல, இன்றைக்கு எங்களுக்குக் கறி ஆகாது என்று சொல்லி அந்தப் பையனிடமே வாளியைத் திருப்பிக் கொடுத்தேன். அவனும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனான்.

அடுத்த வெள்ளி மீண்டும் அவனே வந்தான். கையில் சின்னத் தூக்குவாளி. "இது கறி போடாதது. அம்மா உங்களுக்குன்னு தனியா வச்சாங்க" என்றான். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹருக்குச் சமைத்து, அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல், உப்புச் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாய் விழுங்கிப் பார்க்கவும் வழியில்லாமல், வீட்டுக்கு ஒரு பானை வைத்த பெண், என் சுத்தபோசனத்துக்காக இரண்டாவதாக ஒரு பானை வைத்திருக்கிறார். என் நோன்பை அன்று நோன்பிருந்தபடியே சுமந்தது அவர். கஞ்சி என்னவோ அருமையாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "சனிக்கிழமை குடுங்கன்னு சொல்ல வாயில்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள். இருபது வருட ஆன்மிகத்துக்கு அவ்வளவு எளிய யோசனை தோன்றவில்லை.

இதை வாசித்துவிட்டு, அப்படியானால் நோன்பே வேண்டாம் என்கிறாயா என்று சிலர் கேட்பீர்கள். அம்மாவின் ஒருசந்தியைத் தொட எனக்கு எந்த உரிமையும் இல்லை. பசி தரும் தெளிவு ஒன்று உண்டு, அதை அனுபவித்திருக்கிறேன், அதை இழக்கவும் விருப்பமில்லை. என் வாதம் குறுகியது: நாற்பது நாளுக்கு எதை விடுவது என்று முடிவு செய்யும்போது, நான் விடும் அதை யார் கை தூக்கப்போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் கையில் ஏறும் சுமை எனக்குத் தவமாகக் கணக்கேறாது. தவக்காலம் முழுக்க முகநூலை விடுகிறேன், அவசரமென்றால் வாட்ஸப்பில் வாருங்கள் என்று முகநூலிலேயே அறிவித்துவிட்டுப் போன நண்பர்களிடம் எனக்குக் கோபமில்லை. அவர்கள் குறைந்தபட்சம் யாருக்கும் கூடுதல் சமையல் வைக்கவில்லை. திருநீற்றுப் புதன் நற்செய்தியில், நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள் என்று இயேசு சொல்வதை, நோன்பை மறைத்து வைக்கச் சொன்ன அறிவுரையாகவே நான் வாசித்து வந்தேன். நம் முகவாட்டத்தை வீட்டிலுள்ளவர்கள் தலையில் கட்டாதே என்றும் அதற்குள் ஒரு பொருள் இருப்பதாக இப்போது தோன்றுகிறது.

இந்த ஆண்டு காப்பியை விடவில்லை. கறியை விட்டிருக்கிறேன், ஏனென்றால் அதனால் ஒரு சட்டி குறைகிறது. மகனுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பொதுத் தேர்வு என்பதால் முட்டை தொடர்கிறது. அந்தத் தனிச் சட்டியும் காலைப் பொழுதின் ஓர் அடுப்பும் என் பொறுப்பு. முதல் மூன்று நாள் வெங்காயத்தைக் கருக்கினேன், அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். இரவுப் பாத்திரங்களும் என் பங்கு. கறியை விடுவதைவிட இது பல மடங்கு கடினமாக இருக்கிறது. பத்தாம் நாளே பாஸ்குவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுகிறேன்.

இந்த ஆண்டும் இரண்டு நோன்பும் ஒரே வாரத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. இன்று சனிக்கிழமை. கொத்துக்கறியோடு வந்த பெரிய தூக்குவாளி, மனைவியும் மகனும் காலி செய்தபின் அடுக்களை மேடையில் இருக்கிறது. இரண்டு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் வாங்கி வைத்திருக்கிறோம், வெறும் வாளியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது மனைவியின் சட்டம். அடியில் ஒட்டிக்கொண்ட கஞ்சி காய்ந்துபோவதற்குள் நான் எழுந்துபோய் அதைத் தேய்க்க வேண்டும்.